பழைய கட்டடத்துக்குப் புதுக் குடித்தனம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய வீடு, சத்திரம், ஆபீஸ் கட்டடம், கோட்டை பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் நிறைய லெட்டர் வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து இங்க பதில் சொல்லியிருக்கேன்.

சார், வணக்கம். தர்மபுரி டவுன்ல எங்க மாமனார் வீடு, அவங்க அப்பா காலத்துல கட்டினது. மேல மரச்சட்டம் போட்டு செங்கல் அடுக்கின தளம். ரெண்டு மழைக்காலமா ஒழுகுது. மேஸ்திரி மேல 4 இன்ச் காங்கிரீட் போட்டா சரியாயிடும்ங்கறார், இன்ஜினியர் இடிச்சிடுங்கன்றார். இடிக்க எங்க யாருக்கும் மனசு வரல. என்ன பண்ணலாம்?
(வாசகி, தர்மபுரி)

அம்மா, ரெண்டையும் பண்ணாதீங்க. அதுலயும் அந்த காங்கிரீட்டை கண்டிப்பா போடாதீங்க. 4 இன்ச் காங்கிரீட்னா 100 சதுர அடிக்கு 2 டன்னுக்கு மேல எடை வரும், அந்த எடையத் தாங்கணும்னு அந்த மரச்சட்டத்தை யாரும் போடல. அப்புறம் ஒழுகுறது நிக்காது, உங்க கண்ணுக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதான். தண்ணி காங்கிரீட்டுக்கும் பழைய தளத்துக்கும் நடுவுல தங்கி மரத்தை உள்ளயே அழுக வைக்கும், ஒரு நாள் சட்டம் முறிஞ்சு தளம் இறங்கும்போதுதான் தெரிய வரும்.

உங்க வீட்டுத் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ்னு பேரு. தேக்குச் சட்டங்களை வரிசையா வச்சு, அதுக்கு மேல ஒரு இன்ச் தடிமன் இருக்குற சின்னச் செங்கல், அச்சுக்கல்னு சொல்வாங்க, அதைப் படுக்க வைக்காம குத்துக்கல்லா, மூலைக்கு மூலை சாய்வா சுண்ணாம்புல அடுக்கியிருப்பாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி மரக்கட்டையால நாள் கணக்கா அடிச்சு இறுக்கியிருப்பாங்க, எல்லாத்துக்கும் மேல தட்டையான ஓடு, தட்டோடுன்னு சொல்வாங்க, அதைப் பதிச்சிருப்பாங்க. ஒழுகுறதுன்னாலே பெரும்பாலும் அந்த மேல் தட்டோட்டு ஜாயிண்ட்லயும், கைப்பிடிச் சுவர் தளத்தோட சேர்ற மூலைலயும், தண்ணி வெளிய போற குழாய் வாய்லயும்தான் கோளாறு இருக்கும். குழாய் வாயில அரசங்கன்னு முளைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா இழுத்துப் பிடுங்காதீங்க, வேர் சுவரைப் பிளந்துக்கிட்டு வரும். அடியில வெட்டி வேர் சாகறதுக்கு மருந்து வச்சு, நல்லாக் காஞ்ச பிறகு எடுத்துட்டு ஓட்டையைச் சுண்ணாம்பால அடைக்கணும்.

அடுத்ததா ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சட்டமும் சுவருக்குள்ள நுழையுற இடத்துல குத்திப் பாருங்க. நடுவுல எவ்வளவு நல்லா இருந்தாலும் மரம் முதல்ல அழுகுறது அந்த முனைலதான், ஏன்னா சுவர்ல இறங்குற ஈரம் அங்கதான் நிக்கும். குத்தினா டங்குனு நின்னா மரம் நல்லா இருக்கு, புஸ்ஸுனு உள்ள போனா அந்தச் சட்டத்தை மட்டும் மாத்தினா போதும், இல்லன்னா பக்கத்துல இன்னொரு மரம் சேர்த்துக் கட்டலாம். நாலு சட்டம் கெட்டதுக்கு முழு வீட்டையும் இடிக்கச் சொல்றது எனக்கு நியாயமாப் படல. மேல தட்டோட்டை எடுத்துட்டு ஜல்லித் தளம் நல்லா இருந்தா அப்படியே விட்டு, வாட்டம் மட்டும் சரி பண்ணி, திரும்ப சுண்ணாம்புல தட்டோடு பதிச்சு ஜாயிண்டை அடைங்க. இதுக்குச் செலவு ஆகும்தான், ஆனா இடிச்சு கட்டுற செலவோட வச்சுப் பாருங்க, மலைக்கும் மடுவுக்கும் இருக்குற வித்தியாசம்.

அண்ணா, சுவர்ல ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து பெயிண்ட் உதிருது. மூணு தடவை சிமெண்ட் பூசியாச்சு. திரும்பத் திரும்ப அதே கதை.
(வாசகர், காவேரிப்பட்டணம்)

தம்பி, மூணு தடவை பூசின சிமெண்ட்தான் வியாதியே. உங்க பக்கம் பழைய வீடுன்னா கீழ கருங்கல், மேல மண்ணோ சுண்ணாம்போ வச்சுக் கட்டின சுவர். தரையில இருந்து ஈரம் மேல ஏறத்தான் செய்யும், சுண்ணாம்புப் பூச்சு இருந்த வரைக்கும் அந்த ஈரம் வெளிய வந்து காத்துல காஞ்சு போயிட்டே இருந்துச்சு. சிமெண்ட் பூசி, அதுக்கு மேல பிளாஸ்டிக் பெயிண்டும் அடிச்சா சுவருக்கு மழைக்கோட்டு போட்டு வெயில்ல நிறுத்தின மாதிரிதான், உள்ள வேர்த்துக்கிட்டே இருக்கும். வெளிய வர வழி இல்லாத ஈரம் இன்னும் மேல ஏறும், அதுல கரைஞ்சிருக்குற உப்பு காயும்போது படிகமாகி பூச்சைத் தள்ளும்.

இடுப்புக்கு மேல இன்னும் ஒரு அடி வரைக்கும் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துடுங்க. ஒரு வெயில் காலம் முழுக்க சுவரை சும்மா விட்டுக் காய விடுங்க, பூக்குற உப்பை ஈரம் படாம பிரஷ்ஷால தட்டிக் கூட்டி எடுத்துடுங்க. அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேல சுண்ணாம்பு வெள்ளை மட்டும். வீட்டைச் சுத்தி போட்டிருக்குற சிமெண்ட் தளத்தையும் சுவரை ஒட்டி ஒரு அடி உடைச்சு ஜல்லி போட்டா மண்ணுல இருக்குற ஈரம் சுவர்ல ஏறாம அந்த வழியா வெளிய காஞ்சு போகும். பொங்கலுக்குப் பொங்கல் நம்ம பாட்டிங்க வெள்ளை அடிச்சாங்களே, அது அழகுக்கு மட்டும் இல்ல, அதுதான் அந்த வீட்டுக்கு வருஷா வருஷம் நடந்த ரிப்பேர்.

நாங்க கிருஷ்ணகிரி பழையபேட்டை. கோட்டைக்குப் பக்கத்துல வீடு இருக்கறதால எதுவும் பண்ணக் கூடாது, ஓடு கூட மாத்தக் கூடாதுன்னு சொல்றாங்க. உண்மையா?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பாதி உண்மை, பாதி பயமுறுத்தல். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னத்துக்கு எல்லைல இருந்து 100 மீட்டர் வரைக்கும் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு அப்புறம் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 1958ஆம் வருஷச் சட்டத்தை 2010ல திருத்தி இதை இறுக்கினாங்க. 100 மீட்டருக்குள்ள புதுசா கட்ட முடியாது, ஆனா ஏற்கனவே இருக்குற வீட்டை ரிப்பேர் பண்றதுக்கும் புதுப்பிக்கறதுக்கும் அனுமதி வாங்கிப் பண்ணலாம்னு அதே சட்டத்துல இருக்கு. அதுக்குன்னு தகுதியுள்ள அதிகாரின்னு ஒருத்தர் இருக்கார், அவருக்கு விண்ணப்பிக்கணும், அவர் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்பி முடிவு சொல்வார். வீட்டோட பழைய பத்திரம், வரி ரசீது, இப்ப இருக்குற நிலைமைக்கு நாலு பக்கமும் போட்டோ இதெல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டு போங்க. வீடு எப்ப இருந்து இருக்குன்னு காட்டுற காகிதம்தான் உங்களுக்குப் பலம். 300 மீட்டர் தாண்டிட்டா இந்தச் சட்டம் உங்களை ஒண்ணும் பண்ணாது, அதனால முதல்ல உங்க வீடு எந்த வளையத்துல வருதுன்னு அளந்து பார்த்துடுங்க.

இதுல எனக்கு ஒரு மனக்குறை இருக்கு, சொல்லிடறேன். அனுமதி வாங்கறது அலைச்சல்னு நினைச்சு ஜனங்க வீட்டை அப்படியே விட்டுடறாங்க, ஓடு சரிஞ்சு, மழை இறங்கி, சுவர் விழுந்து, கடைசியில கோட்டையும் தனியா நிக்குது, கோட்டையோட பொழச்ச பேட்டையும் காணாமப் போகுது. கோட்டையைக் காப்பாத்த வந்த சட்டம் பேட்டையையும் காப்பாத்தணும்னா, ஓடு மாத்தறது, வெள்ளை அடிக்கறது, கதவு ரிப்பேர் இந்த மாதிரி சின்ன வேலைக்கு மாவட்டத்துலயே ஒரு நாள்ல அனுமதி கொடுக்குற ஏற்பாடு வரணும். கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள்ல பேட்டைக்காரங்க எல்லாரும் சேர்ந்து இதைக் கேட்கலாம், தனித்தனியா போனா வேலைக்கு ஆகாது.

கிருஷ்ணகிரி கோட்டை சும்மாதானே கிடக்கு, மேல ரிசார்ட், ரோப் கார் எல்லாம் போட்டா ஊர் முன்னேறாதா?
(வாசகர், பர்கூர்)

தம்பி, ஊர் முன்னேறணும்ங்கற ஆசை நல்ல ஆசை, இடம்தான் தப்பு. 1791 நவம்பர்ல மேக்ஸ்வெல்ங்கற அதிகாரி தலைமைல கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ராத்திரியில ஏணி வச்சு ஏறி கீழ்க்கோட்டையையும் பேட்டையையும் பிடிச்சும், மேல்கோட்டையைப் பிடிக்க முடியாம திரும்பிப் போச்சு. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில திப்பு பாராமஹாலை, அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தை, எழுதிக் கொடுத்த பிறகுதான் கோட்டை அவங்க கைக்கு வந்துச்சு. அப்படிப்பட்ட பாறையில போய் ரூம் கட்டி, போர்வெல் போட்டு, செப்டிக் டேங்க் தோண்டினா அங்க கோட்டைனு என்ன மிச்சம் இருக்கும்? சட்டமும் விடாது, அது வேற.

மேல படியைச் சரி பண்ணி, குடிக்கத் தண்ணி வச்சு, சுனைகளைத் தூர் வாரி, கதை சொல்லத் தெரிஞ்ச ரெண்டு உள்ளூர்ப் பசங்களுக்கு கைடு வேலை கொடுத்தா போதும். ராத்திரி தங்கறதுக்கு ரூம் வேணும்னா அது கீழ பேட்டையில இருக்குற திண்ணை வச்ச பழைய வீடுங்கள்ல இருக்கட்டும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுங்களும், தரங்கம்பாடியில கடற்கரை பங்களாவும் தங்கும் விடுதியா ஆகி நல்லா நடக்குது, பாண்டிச்சேரியில பிரெஞ்சுத் தெருவே அப்படித்தான் பொழைக்குது. ரிசார்ட்டுக்குப் போடுற பணத்துல கால்வாசி போட்டா பேட்டையில பத்து வீட்டைக் காப்பாத்தலாம், வர்ற வருமானமும் பத்து குடும்பத்துக்குப் போகும்.

புது ஆபீஸ் கட்டி எல்லாரும் அங்க போயிட்டாங்க. எங்க ஊர்ல வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் ஒண்ணு பூட்டியே கிடக்கு. மியூசியம் ஆக்கச் சொல்லி மனு கொடுக்கலாம்னு இருக்கோம். சரிதானே?
(இளைஞர் குழு, பாலக்கோடு)

மனு கொடுங்க, ஆனா மியூசியம்னு கேட்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. மியூசியத்துக்கு ஆள் வேணும், காவல் வேணும், வைக்கறதுக்குப் பொருள் வேணும். கிருஷ்ணகிரியில அரசு அருங்காட்சியகம் இருக்கு, தர்மபுரியில நடுகற்களை வச்சிருக்குற அகழ்வைப்பகம் இருக்கு, அதுக்கே இன்னும் கூட்டம் சேர்க்கணும். ஒவ்வொரு பழைய கட்டடத்தையும் மியூசியம் ஆக்கினா பாதி நாள் பூட்டு தொங்கும். பூட்டின கட்டடம் வேகமா சாகும், ஏன்னா ஓட்டுல ஒரு விரிசல் விழுந்தா அதைப் பார்க்க உள்ள ஆள் இல்ல. பாண்டிச்சேரி கடற்கரையில பிரெஞ்சுக்காரங்க காலத்து நகராட்சி ஆபீஸான மேரி கட்டடம் கவனிப்பு இல்லாம இருந்து 2014 நவம்பர் மழையில அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் பழைய தோற்றத்துலயே புதுசா கட்டினாங்க, பார்க்க அழகா இருக்கு, ஆனா அது புதுக் கட்டடம்தான்.

மெட்ராஸ்ல சேப்பாக்கம் கலச மஹாலைப் பாருங்க. 1768ல நவாப் கட்டின அரண்மனை, அப்புறம் அரசு ஆபீஸ், 2012 ஜனவரியில தீப்பிடிச்சு கூரை எல்லாம் போச்சு. பொதுப்பணித்துறை சுண்ணாம்பு வேலைக்காரங்களை வரவழைச்சு திரும்ப எழுப்பி, இன்னிக்கு அங்க பசுமைத் தீர்ப்பாயம் நடக்குது. தினமும் வக்கீல் வர்றார், கேஸ்காரங்க வர்றாங்க, விளக்கு எரியுது, கூட்டிப் பெருக்கறாங்க. கட்டடத்துக்கு அதுதான் வேணும்.

நம்ம ஊருக்கு எது வேணும்னு கேட்டா, நான் கவனிச்ச வரைக்கும் டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வுக்குப் படிக்கற பசங்க உட்கார இடம் இல்லாம நூலக வாசல் படியிலயும் மரத்தடியிலயும் படிக்கறாங்க. உயரமான கூரை, பெரிய ஜன்னல், வெயில் அடிக்காத வராண்டா இருக்குற அந்தக் கட்டடம் படிப்பு மையத்துக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கும். பொண்ணுங்களுக்கு தனி டாய்லெட்டும் நல்ல வெளிச்சமும் இருந்தா சாயங்காலம் வரைக்கும் இருந்து படிப்பாங்க. ஒரு பக்கம் மகளிர் குழு ராகி, சாமை, மாம்பழ ஜாம் விக்கறதுக்கு ஒரு ரூம் கொடுத்தா வாடகையும் வரும், அந்த வாடகையிலயே வருஷா வருஷம் வெள்ளை அடிச்சுடலாம்.

ஆனா நாலு விஷயத்துல கறாரா இருங்க. புத்தக பீரோ எதையும் மாடிக்கு ஏத்த விடாதீங்க, ஆள் உயர இரும்பு பீரோ நிறைய புத்தகம் வச்சா கால் டன் பக்கம் வரும், அதெல்லாம் தரைத்தளத்துல மட்டும். டாய்லெட்டும் சமையலும் கட்டடத்துக்கு வெளிய தனியா இருக்கணும், உள்ள குழாய் கொண்டு வந்தா மரத்துக்கும் சுவருக்கும் கேடு. வயரிங் முழுக்க புதுசா, மரத்துல ஒட்டாம குழாய்க்குள்ள ஓடணும், ஏன்னா பழைய கட்டடம் தீப்பிடிக்கறதுக்குப் பல நேரம் காரணம் ஒட்டுப் போட்டு இழுத்த பழைய வயர்தான். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம், மேல ஒழுகினா தெரியாமப் போயிடும். மனுவுல இதையும் எழுதி, பொதுப்பணித்துறையில பாரம்பரியக் கட்டடங்களுக்குன்னு இருக்குற பிரிவோட ஆய்வு வேணும்னு கேளுங்க. தமிழ்நாட்டுல 2012லயே மரபுச் சின்ன ஆணையத்துக்குன்னு சட்டம் கொண்டு வந்திருக்காங்க, அதையும் மனுவுல குறிப்பிடுங்க.

ரோடு அகலப்படுத்தறப்ப எங்க ஊர் ஓரத்துல வாள் பிடிச்ச வீரன் உருவம் இருக்குற கல்லைப் புரட்டிப் போட்டுட்டாங்க. ரோட்டுல கட்டுற சின்னப் பாலத்துக்கு எடுத்துக்கப் போறதா பேச்சு. என்ன செய்யறது?
(வாசகர், அரூர்)

உடனே போட்டோ எடுங்க, கல் இருக்குற இடம் தெரியற மாதிரி தூரத்துல இருந்து ஒண்ணு, எழுத்து ஏதாவது இருந்தா காலையிலயோ சாயங்காலமோ சாய்வெயில்ல ஒண்ணு, அப்பதான் எழுத்து பளிச்சுனு தெரியும். சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தைப் படிக்க முயற்சி பண்ணாதீங்க. விஏஓகிட்டயும் தாசில்தார்கிட்டயும் எழுத்து மூலமா கொடுங்க, மாவட்டத்துல இருக்குற தொல்லியல் துறை ஆபீசுக்கு ஒரு காப்பி. ஊர்ப் பெரியவங்க யாராவது அதை வேடியப்பன்னு கும்பிட்டுட்டு இருந்திருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, சாமிக்கல்லுன்னு சொன்னா ஜேசிபிக்காரரும் நிப்பார். நம்ம ரெண்டு மாவட்டமும் நடுகல்லுக்குப் பேர் போனது, எழுத்து இருக்குற ஒவ்வொரு கல்லும் இந்த மண்ணு யார் ஆட்சியில இருந்துச்சு, மாட்டை ஓட்டிட்டுப் போனப்ப நடந்த எந்தச் சண்டையில யார் செத்தாங்கன்னு சொல்லுது. முடிஞ்சா கல் அதே ஊர்லயே நிக்கட்டும், இடம் இல்லன்னா மட்டும் அகழ்வைப்பகத்துக்குப் போகட்டும்.

கும்பாபிஷேகத்துக்கு கோயில் கல்தூணுக்கு பெயிண்ட் அடிச்சு, தரைக்கு கிரானைட் டைல்ஸ் போட உபயதாரர் தயாரா இருக்கார். வேண்டாம்னா மனசு நோகுமே?
(வாசகி, தேன்கனிக்கோட்டை)

அம்மா, மனசு நோகாம வேற உபயம் கேளுங்க. கூரை ஒழுகறதை அடைக்கச் சொல்லுங்க, வடிகால் போடச் சொல்லுங்க, வயரிங் மாத்தச் சொல்லுங்க, பேர் வேணும்னா வாசல்ல ஒரு கல்வெட்டு வச்சுடலாம். கல்லுக்கு எனாமல் அடிச்சா எழுத்தும் வேலைப்பாடும் மூடிடும், அப்புறம் அதை எடுக்கறேன்னு மணல் பீய்ச்சி அடிச்சா சிற்பத்தோட மூக்கு முழி தேஞ்சு போயிடும். அதியமான்கோட்டை சென்ராயப் பெருமாள் கோயில் விதானத்துல இன்னிக்கும் பழைய ஓவியம் தெரியுது, போய்ப் பாருங்க, உபயதாரரையும் கூட்டிட்டு போங்க. அங்க யாராவது ஒரு நல்ல மனசுக்காரர் புது பெயிண்ட் அடிச்சிருந்தா நமக்கு அது கிடைச்சிருக்குமா? பழைய கருங்கல் தரை வெயில்ல சுட்டா தேங்காய் நார் மிதியடி விரிச்சுக்கலாம்.

எல்லாப் பழைய கட்டடத்தையும் காப்பாத்தணுமா? ஓசூர்ல சதுர அடி விக்கற விலைக்கு இதெல்லாம் கட்டுபடி ஆகுமா?
(வாசகர், ஓசூர்)

எல்லாத்தையும் காப்பாத்த முடியாதுங்க, நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். அஸ்திவாரமே உள்வாங்கி சுவர் செங்குத்து விட்டு சாஞ்சிருந்தா, பசங்க நடமாடற இடமா இருந்தா, இறக்கிடறதுதான் சரி. ஆனா இறக்கறதா இருந்தா ஜேசிபி விட்டு நொறுக்காதீங்க, ஆள் வச்சுப் பிரிங்க. ஒத்தைக் கல்லுல செதுக்கின தூண், தேக்குக் கதவு, நாட்டு ஓடு இதெல்லாம் பழைய மரக்கடைக்கு எடைக்குப் போயி, அங்க இருந்து வேற ஊர் ஓட்டலுக்கு பல மடங்கு விலைக்குப் போகுது. அதே தூணை உங்க புது வீட்டு முன்னாடி வச்சுக் கட்டினா என்ன?

கட்டுபடி ஆகுமான்னா, மெயின் ரோட்டு மேல இருந்தா முன்பக்கம் பழைய வீடு, பின்னாடி தோட்டத்துல புது மாடின்னு கட்டினவங்க இருக்காங்க, முன்பக்கம் கிளினிக்குக்கோ டியூஷனுக்கோ வாடகைக்குப் போகுது. இட விலையை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா எந்தப் பழைய வீடும் நிக்காது, கார்ப்பரேஷன் சொத்து வரியில சலுகை கொடுத்தா நிறைய பேர் யோசிப்பாங்க. இதை நான் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கேன், இனியும் கேட்பேன்.

சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இப்ப எங்க இருக்காங்க? கிடைச்சாலும் தெரிஞ்சவர்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?
(வாசகர், ஊத்தங்கரை)

கோயில் திருப்பணி நடக்கற இடத்துல விசாரிங்க, செட்டிநாட்டுப் பக்கம் இருந்து குழுவா வர்றவங்க இருக்காங்க. நம்ம பக்கமும் 60, 65 வயசுல சில மேஸ்திரிங்க இருக்காங்க, சிமெண்ட் வந்த பிறகு யாரும் கேட்காததால விட்டுட்டாங்க, கேட்டா கை மறக்கலன்னு சொல்வாங்க. அவங்க கூட ரெண்டு சின்னப் பசங்களை எடுபிடிக்குச் சேர்த்துவிடுங்க, கூலி கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல.

வந்தவர்கிட்ட முதல்ல சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பீங்கன்னு கேளுங்க. காலையில தண்ணி ஊத்தி மத்தியானம் பூசிடலாம்னு சொன்னா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. வாரக்கணக்கா ஊறணும்னு சொன்னா உட்கார வச்சுப் பேசுங்க. கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி எதுக்குன்னு கேளுங்க, பூசின பிறகு எத்தனை நாள் நனைப்பீங்க, வெயில் படாம சாக்கு கட்டுவீங்களான்னு கேளுங்க. சுண்ணாம்பு காத்துல இருக்குற கரியமில வாயுவை இழுத்துத்தான் மெதுவா கல்லாகும், சீக்கிரம் காஞ்சா பொடிஞ்சு போகும், அதனால அவசரப்படறவர் இந்த வேலைக்கு ஆக மாட்டார்.

கடைசியா, முன் ஹால்ல ஆரம்பிக்க விடாதீங்க. கொல்லைப்புறச் சுவர்ல மூணுக்கு மூணு அடி பூசிக் காட்டச் சொல்லி அதுக்கு தனியா கூலி கொடுத்துடுங்க. ஒரு மாசம் கழிச்சு அதை விரலால தட்டிப் பாருங்க, கொடகொடன்னு பொள்ளல் சத்தம் வரக் கூடாது, நகத்தால கீறினா மாவா கொட்டக் கூடாது, முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கக் கூடாது. மூணும் சரியா இருந்தா அட்வான்ஸ் கொடுங்க.